கிழக்காசியத் தொன்மங்களின் சாயலில் அன்பான ஒரு பெரும்பூதத்தை உருவாக்குவது எப்படி?

சேரன்மகாதேவி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் விடுமுறை நாட்களில் கூடும் சிறுவர் கதை வட்டத்துக்காக ஒரு படக்கதையை எழுதி, நானே வரைந்தும் வருகிறேன். கன்னடியன் கால்வாயிலிருந்து தண்ணீர் பெறும் ஒரு குளத்துக்குள் நெடுங்காலமாகப் படுத்திருக்கும் பெரும்பூதம்தான் கதையின் நாயகன். உடல் குன்றளவு இருக்க வேண்டும். பிள்ளைகள் அஞ்சாமல் அதன் அருகே போகவும் வேண்டும். சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் தொன்மங்களில் இத்தகைய பேருருவங்கள் நிறைய உண்டு என்பதாலும், அசைபடங்களின் வழியாக நம் பிள்ளைகளுக்கு அவற்றின் சாயல் ஓரளவு பழகியிருப்பதாலும், அங்கிருந்தே தொடங்கினேன்.

இப்போதைய வரைவில் மான் கொம்பு, சிங்கப் பிடரி, ஆமை ஓடு, கெளுத்தி மீசை ஆகிய அனைத்தும் இருக்கின்றன. உறுப்புகள் ஒவ்வொன்றும் நன்றாகவே அமைந்துள்ளன. ஆயினும், “இந்தப் பூதம் காலையில் எழுந்தவுடன் என்ன செய்யும்?” என்று வட்டத்தில் ஒரு சிறுமி கேட்டபோது, அந்தப் படத்திலிருந்து எந்த விடையும் கிடைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உருவத்தைச் சிறிதாக்காமலும், பஞ்சு பொம்மை போல ஆக்கிவிடாமலும் அதற்கு அன்பான குணத்தை எப்படிக் கொடுப்பது? கிழக்காசியத் தொன்மங்களில் எவற்றை ஊன்றிப் பார்க்க வேண்டும்? நம் பக்கத்துப் பூதத்தார், மாடன், யாளி ஆகியோரின் கூறுகளை அவற்றோடு சேர்க்கலாமா, கூடாதா?

அம்பை ஓவியர்:

சகோதரிக்கு வணக்கம். அந்தச் சிறுமி கேட்ட கேள்வியையே நீங்கள் வரைபலகைக்கு மேலே எழுதி வைத்துக்கொள்ளலாம். பல விலங்குகளின் உறுப்புகளைச் சேர்ப்பது கிழக்காசிய மரபில் உள்ளதுதான். சீன டிராகனுக்கு மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம் என்று ஒன்பது ஒப்புமைகளைப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த ஒப்புமைகள், மழையையும் ஆற்றையும் ஆளும் ஒன்று என்று மக்கள் முன்பே அறிந்திருந்த ஓர் உயிரைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக வந்தவை. குணம் முன்னால் வந்தது, உறுப்பு பின்னால் வந்தது. நாம் உறுப்பிலிருந்து தொடங்கினால் கடைசிவரை உறுப்புகளையே அடுக்கிக்கொண்டிருப்போம்.

இதை நன்கு விளக்கும் மரபு, டிராகனின் ஒன்பது பிள்ளைகளைப் பற்றியது. மிங் அரசுக் காலத்து அறிஞர் யாங் ஷென் (1488–1559) முதலானோர் அவற்றைப் பட்டியலிட்டுள்ளனர். அப்பட்டியல்கள் ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டாலும், அவற்றின் அமைப்பு ஒன்றே: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விருப்பம் உண்டு, அந்த விருப்பமே அது எங்கே செதுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. உரக்கக் கத்துவதில் விருப்பமுள்ள பூலாவ், கோயில் மணியின் கொக்கியில் இடம்பெறுகிறது. புகையை விரும்பும் சுவான்னி தூபக் கலசத்தில் அமர்கிறது. பாரம் சுமப்பதில் விருப்பமுள்ள பீஷீ, ஆமையின் வடிவில், பெரிய கல்வெட்டுப் பலகைகளைத் தன் முதுகில் தாங்கி நிற்கிறது. சீனாவின் அரச கல்லறைகளிலும் கன்பூசியக் கோயில்களிலும் பீஷீயைப் பார்க்கலாம். தன் உயரத்தைவிடப் பல மடங்கு நெடிய கல்லைச் சுமந்துகொண்டும் அது தலையை நிமிர்த்தி வைத்திருக்கும். துன்பப்படும் சுமையாளின் முகம் அதற்குக் கிடையாது, ஏனெனில் அது விரும்பிச் சுமக்கிறது. அதன் ஆமை ஓடு அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. சுமக்கும் விருப்பத்திலிருந்து பிறந்தது. உங்கள் பூதத்துக்கும் ஆமை ஓடு வேண்டுமென்றால், அது எதைச் சுமக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

பெரிய உடலையும் மென்மையான குணத்தையும் ஒன்றுசேர்ப்பதற்கு நான் எப்போதும் சிலின் என்ற விலங்கிடம் போவேன். செதில் உடலும் கொம்பும் குளம்பும் உடைய அது, நடக்கும்போது உயிருள்ள புல்லை மிதிக்காது, சிறு பூச்சியையும் நசுக்காது என்பது சீன மரபு. மென்மையை முகத்தில் தேடாமல் நடையில் வைத்த அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 1414 ஆம் ஆண்டு வங்காளத்திலிருந்து யோங்லெ பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கி அனுப்பப்பட்டபோது, அரசவையினர் அதைச் சிலின் என்றே வரவேற்றனர். அவ்வளவு உயரமான ஒன்று அவ்வளவு அமைதியாக இலை தின்றுகொண்டிருந்ததைக் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு பெரும்பூதம் அடியெடுத்து வைப்பதற்கு முன் குனிந்து தரையைப் பார்க்கிறது என்று ஒரே ஒரு படம் வரைந்துவிட்டால், அது நல்லது என்று எழுத்தில் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.

உங்கள் கதை குளத்தில் நடப்பதால் ஜப்பானின் தைதராபொச்சியையும் பாருங்கள். அந்தப் பேருருவத்தின் காலடித் தடங்களே குளங்களும் ஏரிகளும் ஆயின என்று ஜப்பானின் பல பகுதிகளில் சொல்கிறார்கள். அது மண்ணைத் தோண்டிய இடம் பிவா ஏரியாகவும் கொட்டிய இடம் ஃபூஜி மலையாகவும் ஆயிற்று என்றும் ஒரு கதை உண்டு. ஹிதாச்சி என்ற பழைய ஜப்பானிய மாகாணத்தைப் பற்றிய 8 ஆம் நூற்றாண்டு நிலவரலாற்றில் பெயரில்லாத ஒரு பேருருவம் வருகிறது. அது மேட்டில் அமர்ந்தபடியே கடல்வரை கையை நீட்டிச் சிப்பிகளை எடுத்துத் தின்றதாகவும், உதறிய சிப்பி ஓடுகள் குவிந்து மேடாயின என்றும் அந்நூல் கூறுகிறது. மிதோ நகரில் உள்ள தொல்பழங்காலத்து ஓகுஷி சிப்பி மேடே அந்த இடம் என்று கருதுகின்றனர். எனக்கு இதில் பிடித்தது, அந்தப் பேருருவம் யாரையும் வெல்லவில்லை, யாருக்கும் வரமும் அளிக்கவில்லை என்பதுதான். அது உட்கார்ந்து சாப்பிட்டது, அவ்வளவே. காலையில் எழுந்து என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். மூன்று நாடுகளின் மரபுகளையும் ஒரே பாத்திரமாகக் கருதி அள்ள வேண்டாம். சீனப் பேரரசரின் டிராகனுக்கு ஐந்து நகங்கள். ஜப்பானிய ஓவியங்களில் பெரும்பாலும் மூன்று. நகத்தின் எண்ணிக்கைக்கே பொருள் இருக்கும்போது, கொம்பையும் பிடரியையும் காரணமின்றிச் சேர்ப்பது சரியாகாது.

நாங்குநேரி தமிழாசிரியர்:

அண்ணாச்சி கூறியவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும், விருப்பம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. பூதத்துக்கு ஒரு தேவையும் இருக்க வேண்டும்; அதைச் சிறியவர்களான மனிதர்கள்தாம் நிறைவேற்ற முடியும் என்ற நிலையும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே இருக்கும் பேருருவத்தைப் பிள்ளைகள் வணங்குவார்கள், நேசிக்க மாட்டார்கள்.

கொரியாவின் ஜெஜு தீவில் சொல்முந்தே ஹல்மாங் என்ற பேருருவப் பாட்டியின் கதை வழங்குகிறது. அந்தப் பாட்டி தன் பாவாடையில் மண்ணை அள்ளி வந்து தீவின் நடுவே ஹல்லா மலையை எழுப்பினாள். பாவாடையின் கிழிசல்கள் வழியே சிந்திய மண், தீவெங்கும் பரவியிருக்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு எரிமலைக் குன்றுகளாயிற்று. பிறகு பாட்டி தீவு மக்களிடம் ஒன்று கேட்டாள்: தனக்கு ஓர் உள்ளாடை தைத்துத் தந்தால், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னாள். அதற்கு நூறு கட்டு பட்டுத் துணி தேவைப்பட்டது. மக்கள் தங்களிடம் இருந்த அனைத்தையும் கொண்டுவந்து சேர்த்தும் தொண்ணூற்றொன்பது கட்டுகளே தேறின. பாலம் முடிவு பெறவில்லை. ஜெஜு இன்றும் தீவாகவே இருக்கிறது.

மலையைச் செய்தவளுக்கு உடுத்த ஓர் உள்ளாடை இல்லை என்பதும், அவளுடைய பாவாடை கிழிந்திருந்தது என்பதும் அவளை நமக்கு எவ்வளவு நெருக்கமாக்கிவிடுகின்றன என்று பாருங்கள். மக்களும் கஞ்சத்தனம் செய்யவில்லை. இயன்றதைக் கொடுத்தார்கள், அது ஒன்று குறைந்துபோயிற்று. இரு பக்கத்திலும் குற்றமில்லாத அந்தக் குறையில்தான் கதையின் அன்பு முழுவதும் இருப்பதாக நான் நினைக்கிறேன். பூதத்துக்குக் கொடுப்பதும் பூதத்திடம் பெறுவதும் நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. ஊர்க்கோயிலில் ஆண்டுதோறும் கொடை கொடுக்கிறோம். வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பெரிய உருவம் ஒன்று நம்மிடம் ஒரு பொருளைக் கேட்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பூதம் எதைக் கேட்கலாம் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. எங்கள் நாங்குநேரிப் பக்கத்தில் உள்ள கூந்தன்குளம் 1994 இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஊர் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் வீட்டுப் புறவாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சும் என்பதற்காக ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஒரு பூதம் மனிதர்களிடம் பொன்னும் பொருளும் கேட்காமல் சற்று அமைதியாக இருக்கும்படி மட்டும் கேட்டால், அதைக் கொடுப்பது எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். மேலும், குளிர்காலத்தில் அங்கே வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருபவை. கிழக்கே உள்ள பேருருவங்களின் செய்தியை உங்கள் குளத்துப் பூதத்துக்குக் கொண்டுவர வேறு தூதர்கள் தேவையா?

இனி நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதற்கு வருகிறேன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் உள்ள சங்கிலி பூதத்தாரையோ, ஊர் எல்லையில் பீடமாக நிற்கும் சுடலைமாடனையோ, பெயரோடும் அடையாளத்தோடும் கதையில் கொண்டுவர வேண்டாம். ஆடி அமாவாசைக்கு வண்டி கட்டிப் போய்க் காட்டில் தங்கி வழிபடும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வட்டத்திலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் கும்பிடும் தெய்வத்தை நாம் படக்கதைப் பாத்திரமாக்குவது முறையன்று. ஜப்பானிலும் கொரியாவிலும் இத்தகைய உருவங்களில் சில இன்றும் வழிபாட்டில் உள்ளன. அவற்றுக்கும் இதே மரியாதையைக் காட்ட வேண்டும். ஆனால் பூதத்தாரிடமிருந்து ஓர் உண்மையைக் கற்றுக்கொள்ளலாம். அவர் அச்சம் தரும் தோற்றத்தோடேயே நமக்குக் காவலாக இருக்கிறார். அச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டால் காவலும் போய்விடும். எனவே உங்கள் பூதத்தை முதல் பக்கத்தில் பார்க்கும் பிள்ளை சற்று மூச்சைப் பிடித்துக்கொள்வது நல்லதே.

கெளுத்தி மீசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் நிலத்துக்கு அடியில் கிடக்கும் நமாசு என்ற பெருங்கெளுத்தி புரளும்போதுதான் நிலநடுக்கம் வருகிறது என்றும், காஷிமா தெய்வம் ஒரு கல்லால் அதன் தலையை அழுத்தி வைத்திருக்கிறது என்றும் நம்பினார்கள். 1855 நவம்பரில், இன்றைய டோக்கியோவான எடோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, சில வாரங்களுக்குள் நமாசு படங்கள் நூற்றுக்கணக்கான வகைகளில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. ஒரு படத்தில் மக்கள் கூடி நமாசுவை அடிக்கிறார்கள். இன்னொன்றில் அது தெய்வத்தின் முன் மன்னிப்புக் கேட்கிறது. வேறொன்றில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை அதுவே மீட்கிறது. வீடு கட்டும் தச்சருக்கும் கொத்தருக்கும் வேலை பெருகியதால், அவர்கள் அதனோடு விருந்துண்ணும் படங்களும் உண்டு. அழிவைத் தந்ததாக நம்பப்பட்ட ஒன்றை மனிதர்கள் எத்தனை விதமாக எதிர்கொண்டார்கள் என்பதை அந்தப் படங்கள் மறைக்காமல் காட்டுகின்றன.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, குளங்கள் உடைந்து, வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை உங்கள் வட்டத்துப் பிள்ளைகளில் பலர் கண்ணால் பார்த்திருப்பார்கள். தண்ணீரைக் காக்கும் பூதம் என்று நீங்கள் எழுதினால், அன்றைக்கு அது எங்கே போயிருந்தது என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இந்தக் கதையை வாசிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பாளை வரைகலைஞர்:

பெரியவர்கள் இருவரும் கதையைப் பற்றிப் போதுமான அளவு கூறிவிட்டதால், நான் வரைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பேருருவத்தை அன்பாகக் காட்ட வேண்டுமென்றால் கண்ணைப் பெரிதாக்குவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் பெரிய தலையும் பெரிய கண்ணும் குட்டி உயிர்களின் அடையாளம்; அவற்றைச் சேர்த்தவுடன் குன்றளவு பூதம் பார்வைக்குப் பூனையளவாகிவிடும். உடலோடு ஒப்பிடும்போது தலை சிறிதாகவும், கண் இன்னும் சிறிதாகவும், இமை கனத்ததாகவும் இருக்கட்டும். அன்பைக் கிடையில் காட்டுங்கள். குளக்கரையின் மேல் மோவாயை வைத்துப் படுத்திருக்கும் பூதத்தின் கண், கரையில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேராக வந்துவிடும். உருவம் சிறுக்காமலே இருவரும் ஒரே மட்டத்தில் இருப்பார்கள்.

உருவம் முழுவதையும் ஒரே பக்கத்தில் வரைய வேண்டாம். ஒரு பக்கத்தில் மதகுக்கு அருகே மூக்கு மட்டும், அடுத்ததில் பனைமரங்களுக்கு மேலே முதுகின் வளைவு மட்டும் என்று காட்டினால், மீதியைப் பிள்ளைகளே மனத்தில் வளர்த்துக்கொள்வார்கள். அளவை உணர்த்த முதுகில் நாரைகளை உட்கார வையுங்கள். நாரையின் அளவு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இன்னொன்று. நம் கோயில் தூண்களில் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று உருளும், வெளியே வராது. சிறு வயதில் அதற்குள் கையை விட்டு உருட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. சீனத்துக் கற்சிங்கங்கள் பலவற்றின் வாயிலும் இதே போன்ற உருண்டை இருக்கிறது. இவ்வளவு தொலைவில் இருக்கும் இரு மரபுச் சிற்பிகளும், பல் நிறைந்த வாய்க்குள் ஒரு விளையாட்டுப் பொருளை விட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளை கையை நீட்டிச் செய்யக்கூடிய ஒரு செயல் பூதத்தின் உடலிலேயே இருக்க வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பூதத்தின் உடலில் அது எந்த இடத்தில் இருக்கும் என்று யோசியுங்கள்.

சேரன்மகாதேவி வாசகி:

மூவருக்கும் என் நன்றி. நேற்றிரவு கொம்பையும் பிடரியையும் நீக்கிவிட்டேன். ஆமை ஓட்டையும் எடுத்துவிட்டேன், ஏனெனில் என் பூதம் எதையும் சுமக்கவில்லை. மீசை மட்டும் இருக்கிறது. அது தன் மீசையைக் கால்வாய்க்குள் நீட்டி, மேலே அணையிலிருந்து வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறது. காலையில் எழுந்தவுடன் அது செய்யும் முதல் வேலை அதுதான். மீசையின் நுனியைப் பிள்ளைகள் கரையிலிருந்தே பிடித்து மெல்ல இழுக்கலாம். இழுத்தால் அது ஒரு கண்ணைத் திறக்கும். அதன் முதுகில் நாரைகள் கூடு கட்டியிருப்பதால், குஞ்சுகள் பறக்கும்வரை அதனால் புரண்டு படுக்க முடியாது. அதுவரை ஊரார் ஓசை எழுப்பாமல் இருக்க வேண்டும் என்பதே அது கேட்கும் ஒரே உதவி.

வெள்ளத்தைப் பற்றி ஆசிரியர் ஐயா கேட்டதற்கு என்னிடம் இருக்கும் விடை இது. அந்த இரவில் மீசைக்குத் தண்ணீரின் வேகம் தெரிந்தது. பூதம் எழுந்து நின்றிருந்தால் கரை முழுவதும் சரிந்திருக்கும். ஆகவே அது எழாமல், உடைப்பெடுத்த இடத்தில் தன் உடலைக் கிடத்தியது. உடைப்பின் ஒரு பகுதியை மட்டுமே அதனால் அடைக்க முடிந்தது. மறுபகுதி வழியே தண்ணீர் ஊருக்குள் போயிற்று. இப்படி எழுதலாமா, ஐயா?

நாங்குநேரி தமிழாசிரியர்:

எழுதலாம், தங்கையே. ஜெஜு பாட்டிக்கு ஒரு கட்டுப் பட்டு குறைந்தது போல, உங்கள் பூதத்துக்குச் சில முழம் உடல் குறைந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பூதத்துக்காக யாரும் சமாதானம் பேச வேண்டாம். அதன் மேல் கோபப்படும் ஒரு பிள்ளையையும் வரையுங்கள். எடோ நகரத்தார் நமாசுவை அடிக்கும் படங்களையும் அச்சிட்டதை நினைவில் கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு: கூந்தன்குளத்துக்கு டிசம்பர் வாக்கில் பறவைகள் வரத் தொடங்கி, ஆண்டின் நடுப்பகுதியில்தான் திரும்புகின்றன. ஆகவே வெள்ளத்தைக் கூடு கட்டுவதற்கு முன்னதாக வைத்துக்கொண்டால், உடைப்பில் கிடந்து சேறு படிந்த அந்த முதுகின் மேலேயே நாரைகள் வந்து இறங்கலாம். கதையின் காலவரிசையும் பிழையில்லாமல் அமையும். படங்கள் முடிந்ததும் இங்கே பதிவிடுங்கள். முதல் பக்கத்தைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்ள நானும் காத்திருக்கிறேன்.